மதில் மறைந்த ஊரும் வாயில் நின்ற பெயரும்

கோவை மாநகரின் நடுப்பகுதியில், உக்கடம் பெரியகுளத்திற்கு வடக்கே, கோட்டைமேடு என்றொரு பகுதி உண்டு. அங்கே கோட்டை ஈசுவரன் கோயில் இருக்கிறது, பெருமாள் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, நெருக்கமான தெருக்களும் கடைகளும் இருக்கின்றன. கோட்டை மட்டும் இல்லை. மதிலின் ஒரு முழ நீளமேனும் காண விழைந்து செல்பவர் வெறுங்கண்ணோடுதான் திரும்ப வேண்டும். ஆயினும் அவ்வழியே செல்லும் நகரப் பேருந்தின் நடத்துநர் முதல் காய்கறி விற்கும் மூதாட்டி வரை அனைவர் நாவிலும் அக்கோட்டை நாள்தோறும் எழுப்பப்படுகிறது. கல்லும் மண்ணும் காக்கத் தவறிய ஒன்றை ஒரு சொல் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் காத்து வருகிறது.

சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் இதனை எளிதாகக் கடந்துவிட இயலாது. கொங்கு நாட்டில் மதில்கள் எவ்வாறு எழுந்தன, எவ்வாறு வீழ்ந்தன, வீழ்ந்தபின் எவை எஞ்சின என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மதில்களின் நாடெனப் பெயர்பெற்ற சீனத்தின் நகர வாயில்களும் இவ்வாராய்ச்சிக்கு ஒளி தருகின்றன.

சொல்லில் எழுந்த அரண்

மதிலைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்களின் வளம் வியப்புக்குரியது. எயில், இஞ்சி, புரிசை, ஆரை, நொச்சி, சோ என ஒரு பொருளுக்குப் பல பெயர். மதிலைச் சூழ்ந்த நீர்நிலைக்கு அகழி, கிடங்கு என்றும், மதிலின் மேல் மறைந்து நின்று அம்பெய்யும் உறுப்பிற்கு ஞாயில் என்றும், அம்பு செலுத்தும் துளைக்கு ஏப்புழை என்றும், பெருங்கதவின் உட்புறம் குறுக்கே இடும் மரத்திற்குக் கணையம் என்றும் பெயர்கள் வழங்கின. பெருங்கதவு அடைத்திருக்கும்போது ஒருவர் மட்டும் குனிந்து நுழையும் சிறு வாயிலுக்குத் திட்டிவாசல் என்ற பெயர் இன்றும் கோயில் வழக்கில் உண்டு. இத்தனை சொற்களும் நூலோர் கற்பனையில் பிறந்தவை அல்ல. மதில் கட்டியோரும் காத்தோரும் முற்றியோரும் வழங்கிய தொழிற் சொற்கள்.

தொல்காப்பியர் முழுமுதல் அரணை வளைத்தலையும் கொள்ளுதலையும் உழிஞைத் திணையாக வகுத்து, அதனை மருதத்திற்குப் புறனாக வைத்தார். வயலும் வளமும் உள்ள இடத்தில்தான் மதிலும் முற்றுகையும் நிகழும் என்ற உண்மை அதனுள் அடங்கியிருக்கிறது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை, மதிலைக் காத்து நிற்போர்க்கென நொச்சி என்ற தனித் திணையே வகுத்தது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதில்மேல் அமைந்த பொறிகளைப் பட்டியலிடுகிறது. தாமே வளைந்து அம்பெய்யும் வில்லும், கல்லுமிழும் கவணும், கொதிக்கும் எண்ணெயும் அங்கே இடம்பெறுகின்றன.

திருக்குறளின் எழுபத்தைந்தாம் அதிகாரம் அரணைப் பற்றியது. நீர், வெட்டவெளி, மலை, காடு ஆகிய நான்கும் இயற்கை அரண் என்று வள்ளுவர் கூறுகிறார். பகைவர் கொள்ளுதற்கு அரியதாய், உள்ளே உணவு நிறைந்ததாய், அகத்தார் நிலைத்து நிற்பதற்கு எளியதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கூறும் இலக்கணம். எத்துணைச் சிறப்புடைய அரணாயினும், செயற்சிறப்பு இல்லாதவரிடத்தே அது இல்லாததற்குச் சமம் என்று அதிகாரத்தை முடிக்கிறார். மதிலைப் பாடத் தொடங்கி மனிதரில் முடித்த அம்முடிவு, கோவைக் கோட்டையின் வரலாற்றுக்கு எழுதி வைத்த உரைபோல் அமைந்திருக்கிறது.

1791: நொச்சியும் உழிஞையும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்திருப்பது கோவை. மேற்குக் கடற்கரையிலிருந்து சோழ, பாண்டிய நாடுகளுக்கும், மைசூர் மேட்டு நிலத்திலிருந்து தெற்கே இறங்குதற்கும் உரிய வழிகள் இப்பகுதியில் கூடுகின்றன. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் மைசூர்ப் போர்களில் இச்சிற்றூர்க் கோட்டை ஓயாமல் கைமாறியது. 1768-இல் ஆங்கிலேயர் கொண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் ஐதரலியின் படை மீட்டது. 1783-இல் கர்னல் புல்லர்ட்டன் கைப்பற்றினார். 1784 மங்களூர் உடன்படிக்கைப்படி அது திப்பு சுல்தானுக்கே திரும்பியது. 1790 ஜூலையில் ஜெனரல் மெடோசின் படை மீண்டும் புகுந்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததே இக்கோட்டையின் வரலாற்றில் தலையாய நிகழ்ச்சி. காரன்வாலிசு பிரபு மைசூரின் உள்நாட்டிற்குப் படை நடத்திச் சென்ற வேளையில், கோவையிலிருந்த நல்ல பீரங்கிகளும் தளவாடங்களும் வலிமை மிக்க பாலக்காட்டுக் கோட்டைக்கு மாற்றப்பட்டன. கோவையில் எஞ்சியவர் லெப்டினன்ட் சால்மர்சும், திருவிதாங்கூர் வீரர்கள் உள்ளிட்ட சில நூறு பேருமே. இருந்த பீரங்கிகளும் பழுதானவை. 1791 ஜூனில் திப்புவின் படை வந்து வளைத்தது. ஆகஸ்டு 11-ஆம் நாள் நிகழ்ந்த பெருந்தாக்குதலை உள்ளிருந்தோர் முறியடித்தனர். லெப்டினன்ட் நாஷ் சிறு துணைப்படையோடு வந்து சேர்ந்தார். அக்டோபரில் கமருதீன்கான் பெரும்படையோடு வந்து இரண்டாம் முற்றுகையைத் தொடங்கினார். பாலக்காட்டிலிருந்து உதவிக்கு வந்த மேஜர் கப்பேஜின் படை இடைவழியிலேயே திரும்ப நேர்ந்தது. சால்மர்சும் நாஷும் காயமுற்றனர். நவம்பர் 3-ஆம் நாள் கோட்டை சரணடைந்தது. சரணடைந்தோரைப் பாலக்காட்டிற்கு விடுவதாக ஏற்பட்ட உடன்பாடு நிறைவேறவில்லை. அவர்கள் சீரங்கப்பட்டணத்துச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அம்மீறல் 1792-ஆம் ஆண்டுச் சமாதானப் பேச்சிலும் குறையாக எழுப்பப்பட்டது.

சங்கப் புலவர் ஒருவர் இருந்திருப்பின் அகத்தோர்க்கு நொச்சியும் புறத்தோர்க்கு உழிஞையும் சூட்டி இரு பாடல் தந்திருப்பார். நமக்கு வாய்த்தவை கும்பெனி அதிகாரிகளின் குறிப்புகளே. அக்குறிப்புகளில் சால்மர்சின் பெயர் உண்டு. நாஷின் பெயர் உண்டு. கமருதீன்கானின் பெயரும் உண்டு. இரவெல்லாம் உடைப்பை அடைத்துக் காலையில் துப்பாக்கி ஏந்திய திருவிதாங்கூர்ச் சிப்பாயின் பெயர் இல்லை. ஏணியில் ஏறி வீழ்ந்த மைசூர் வீரனின் பெயரும் இல்லை. முற்றுகை நடந்த அந்த மாதங்களில் கோவன்புத்தூர்க் குடியானவர் தம் கால்நடையை எங்கே ஓட்டினர், விதைத்தனரா, அறுத்தனரா என்பதை எழுதியவர் எவருமில்லை.

மைசூர்ப் போர்களை ஒட்டிக் கோட்டை இடிக்கப்பட்டது. 1799-இல் கோவை முழுமையாகக் கும்பெனி ஆட்சியின்கீழ் வந்தது. 1800 ஜூனில் பாளையக்காரர் கிளர்ச்சியின் ஒரு பகுதியாகக் கோவையிலிருந்த கும்பெனிப் படையைத் தாக்கும் திட்டம் வகுக்கப்பட்டு, நிறைவேறாமல் போயிற்று. இந்துக்களும் முசுலிம்களும் தோளோடு தோள் நின்ற அம்முயற்சிக்காக 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். 1804-இல் கோவை மாவட்டத் தலைநகராயிற்று; 1866-இல் நகராட்சி ஆயிற்று; 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்தது. மதிலுக்குள் ஒடுங்கி வாழ வேண்டிய தேவை ஊருக்கு இல்லாமற் போயிற்று. ஆலைச் சங்கின் ஒலியே ஊரின் எல்லையை வகுக்கும் காலம் பிறந்தது.

சீனத்து வாயில்கள்

மதிலை இழந்த ஊரின் நிலையை உணர, மதிலைக் காத்த ஊரொன்றைக் காணுதல் வேண்டும். சீனத்தின் சியான் நகரம் அத்தகையது. மிங் மரபின் முதல் பேரரசர் காலத்தில், 1370 முதல் 1378 வரையில் கட்டப்பெற்ற அதன் மதில் 13.7 கிலோமீட்டர் சுற்றளவு உடையது. உயரம் 12 மீட்டர். அடித்தளத்தின் அகலம் 15 முதல் 18 மீட்டர். உச்சியின் அகலமே 12 முதல் 14 மீட்டர். இரு தேர்கள் எதிரெதிரே ஓடத்தக்க அம்மதில் முகட்டில் இன்று சுற்றுலாவினர் மிதிவண்டி ஓட்டுகின்றனர். உள்ளே இருப்பது இடித்து இறுக்கிய மண். 1568-இல்தான் அதற்குச் செங்கல் போர்வை அணிவிக்கப்பட்டது.

அதன் சிறப்பு வாயில்களில்தான் விளங்குகிறது. நான்கு திசைக்கும் நான்கு பெருவாயில்கள். ஒவ்வொன்றும் ஒரு வாயில் அன்று, வாயில்களின் தொகுதி. அகழியின் பாலத்தைக் கடந்தால் முதற் கோபுரம். அடுத்து வரிசை வரிசையாக அம்புத் துளைகள் அமைந்த இரண்டாம் கோபுரம். இறுதியில் நகருள் புகும் தலைமைக் கோபுரம். இடையே நாற்புறமும் மதில் சூழ்ந்த முற்றம். முதற் கதவை உடைத்து உட்புகுந்த பகைவன் வென்றுவிட்டதாக எண்ணும் கணத்தில், நான்கு மதிலின் மேலிருந்தும் அம்பு பாயும் கிணற்றுக்குள் நிற்பதை உணர்வான். மதிலின் வெளிப்புறத்தில் 120 மீட்டருக்கு ஒன்றாக 98 கொத்தளங்கள் புடைத்து நிற்கின்றன. இரு கொத்தளங்களுக்கு இடைப்பட்ட எந்த இடமும் அம்பின் எல்லைக்குள் அடங்கும் என்பதே இக்கணக்கு. இத்தனை கொடிய பொறியமைப்பின் நெற்றியில் அவர்கள் பொறித்த பெயர்களோ வேறு. தெற்கு வாயிலுக்கு நிலைத்த அமைதி என்னும் பொருளுடைய யோங்னிங் எனப் பெயர். கிழக்கு வாயிலுக்கு நீடித்த மகிழ்ச்சி என்னும் பொருளுடைய சாங்லே எனப் பெயர்.

நான்சிங் நகர மதிலின் செங்கற்கள் இன்னும் ஆழ்ந்த பாடம் கற்பிக்கின்றன. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அம்மதில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுடையது. இன்றும் 25 கிலோமீட்டர் அளவிற்கு நிற்கிறது. அதன் செங்கற்களில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. எந்த ஊரில் அறுத்தது, எந்த அதிகாரி மேற்பார்த்தது, சூளையிட்டவர் யார், மண் பிசைந்து கல் அறுத்தவர் யார் என்ற விவரங்கள் அவற்றில் உள. கல் பழுதாயின் பொறுப்பைச் சுமத்துதற்கே இந்த ஏற்பாடு. அச்சத்தின் பொருட்டுப் பொறித்த பெயர்கள் இன்று அழியாப் புகழாக நிற்கின்றன. ஆறு நூற்றாண்டுக்கு முற்பட்ட சூளைத் தொழிலாளி ஒருவனின் பெயரைப் பேரனுக்குப் பாட்டன் படித்துக் காட்டும் நிலை அங்கே இருக்கிறது.

சீனத்திலும் எல்லா மதில்களும் தப்பவில்லை. பெய்ஜிங் நகர மதிலை இடிக்க வேண்டா, அதன் முகட்டைப் பொதுமக்கள் உலவும் பூங்காவாக்கலாம் என்று கட்டடக் கலை வரலாற்றறிஞர் லியாங் சுசெங் வேண்டினார். அவர் குரல் எடுபடவில்லை. 1950-களிலும் 1960-களிலும் அம்மதிலின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது; அது நின்ற தடத்தின்கீழ்ச் சுரங்க இரயில் ஓடத் தொடங்கியது. சியான் மதிலும் அந்தக் காலத்தில் இடிபட இருந்து தப்பியதே. 1961-இல் அது நாட்டின் பாதுகாப்புச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

தமிழருக்கு நெருக்கமான மதில் ஒன்றும் அங்கே இருந்தது. தென்கீழ்க் கடற்கரையிலுள்ள சுவான்சௌ துறைமுகத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தமிழ் வணிகர் வாழ்ந்தனர். சகம் 1203, அதாவது கி.பி. 1281-ஆம் ஆண்டில் அங்கே சிவன் கோயில் எழுந்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு 1956-இல் கண்டெடுக்கப்பட்டது. யுவான் மரபு வீழ்ந்த காலத்தை ஒட்டி அக்கோயில் அழிந்தது. அதன் சிற்பக் கற்கள் பலவும் பிற கட்டடங்களிலும் நகர மதிலிலும் வெறுங் கல்லாய் அடுக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் அம்மதிலை இடித்தபோது சிற்பங்களும், அரபு எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்களும், சிலுவை தாங்கிய கற்களும் ஒருங்கே வெளிவந்தன. ஊ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் அவற்றை ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்து, 1957-இல் நூலாக வெளியிட்டார். பல சமயத்தாரின் கற்களும் ஒரே மதிலில் தோளுரசிக் கிடந்து, ஓர் ஆசிரியரின் அக்கறையால் உலகிற்குக் கிடைத்தன. மதிலை அவரால் காக்க இயலவில்லை. அது வீழ்ந்தபோது உதிர்ந்ததை அவர் பொறுக்கினார்.

ஈரோட்டின் மண்ணும் சங்ககிரியின் கல்லும்

கொங்குச் சமவெளியில் மண்கோட்டைகள் பல இருந்தன. ஈரோட்டிலும் தாராபுரத்திலும் பெரிய மண்கோட்டைகள் நின்றன. மண்மதில் இழிந்தது என்று எண்ணுதல் தவறு. பீரங்கிக் குண்டு பட்டால் கல்மதில் சிதறும். மண்மதிலோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். சியானின் மதிலும் உள்ளே மண்ணே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஈரோட்டுக் கோட்டையின் முடிவு எப்போரிலும் நிகழ்ந்ததன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாதுவருடப் பஞ்சத்தின்போது, 1877-இல், பஞ்ச நிவாரண வேலையாக அக்கோட்டை மதில் வெட்டிச் சமன் செய்யப்பட்டது. பசித்த மக்கள் கூலிக்காக, தம் முன்னோர் சுமந்து கொட்டிய மண்ணைக் கூடை கூடையாகத் தாமே சுமந்து கொட்டினர். உணவு நிறைந்திருப்பதே அரணின் இலக்கணம் என்றார் வள்ளுவர். உணவு இல்லாத காலத்தில் அரணே உணவாயிற்று. எத்தனையோ படைகளைக் கண்ட மதில் பசியின் முன் நிற்கவில்லை. மதில் நின்ற இடத்தில் இன்று நகரம் பரந்திருக்கிறது. கோட்டை ஈசுவரன், கோட்டைப் பெருமாள் என்ற கோயிற் பெயர்களே அதற்குச் சான்று பகர்கின்றன.

கல்லாய் நிற்பது சங்ககிரி. சேலம் மாவட்டத்தில், ஈரோட்டிலிருந்து சேலம் செல்லும் வழியில், ஒற்றைக் குன்றின் சரிவெங்கும் அடுக்கடுக்காக மதில்கள் ஏறிச் செல்கின்றன. விசயநகரக் காலத்தில் தொடங்கி, கும்பெனி ஆட்சி வரையில் பலர் கைபட்டது அக்கோட்டை. ஒரு வாயிலைக் கடந்து மூச்சு வாங்கி நிமிர்ந்தால் அடுத்த வாயில் மேலே தெரியும். சீனத்தார் சமவெளியில் முற்றமும் கோபுரமும் கட்டிச் சமைத்த தடையை, இங்கே மலையின் செங்குத்தே பாதி சமைத்துக் கொடுத்தது. மலையரண் என்று குறள் கூறியதன் பொருளை அந்தப் படிகளில் ஏறுவோரின் முழங்கால் உணரும்.

அவ்வாயில்கள் வழியேதான் 1805-இல் தீரன் சின்னமலையும் அவர் தம்பியரும் மேலே கொண்டுசெல்லப்பட்டனர். காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் கும்பெனிப் படையை எதிர்த்தவர் அவர். ஓடாநிலையில் அவர் கட்டிய கோட்டை பீரங்கிகளால் தகர்க்கப்பட்டது. சூழ்ச்சியால் பிடிபட்டு, 1805 ஜூலை 31-ஆம் நாள் சங்ககிரி மலைமேல் தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பதினெட்டில் ஆற்றங்கரையில் முளைப்பாரி விடும் கொங்கு மக்கள், அந்நாளிலேயே அவரையும் நினைக்கின்றனர். பகைவரை உள்ளே விடாமல் தடுக்க எழுப்பிய வாயில்கள், மண்ணின் மைந்தர் வெளியே வாராமல் தடுக்கப் பயன்பட்டன. மதிலுக்கு நன்றும் தீதும் இல்லை. திறவுகோல் எவர் கையில் இருக்கிறது என்பதே வினா.

மதிலில்லா வாயில்கள்

பாலக்காட்டுக் கோட்டையை ஐதரலி 1766-இல் வலுப்படுத்திக் கட்டினார். 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அது, இன்று கேரளத்தில் தொல்லியல் துறையின் காப்பில் அகழியோடும் கருங்கல் மதிலோடும் நிற்கிறது. கோவையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், 1791-இல் கோவையின் பீரங்கிகள் சென்று சேர்ந்த அதே வாயிலைக் காணலாம். கோவையில் காணவியலாததைப் பாலக்காடு காட்டுகிறது.

ஆனால் கோவைக் கோட்டைமேடும் அண்மைக் காலத்தில் ஒருமுறை வாயில்களைக் கண்டது. 1997 நவம்பர் இறுதியில் மூண்ட வன்முறையும், 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பும் இந்நகரின் நெஞ்சைப் பிளந்தன. இரு சமயத்துக் குடும்பங்களும் உயிர்களை இழந்தன. அக்காலத்தில் கோட்டைமேட்டின் நுழைவுத் தெருக்களில் காவல் சாவடிகள் நின்றன. மதில் இல்லாத ஊருக்கு வாயில் மட்டும் மீண்டும் முளைத்தது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், பால் வாங்கச் செல்லும் முதியவரும் தம் தெருவுக்குள் நுழையத் தம்மைச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டனர். பின்னர்ச் சாவடிகள் அகற்றப்பட்டன. ஆயினும் கல்லால் ஆகாத மதில் ஒன்று மனத்தில் எழுமாயின், அதனை இடிக்க எந்தப் பீரங்கியாலும் ஆகாது என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின. 1800-இல் ஒன்றாகத் தூக்குமேடை ஏறியவர்களின் ஊர் இது என்பதை அந்நாளில் நினைவூட்டியவர் மிகச் சிலரே. நினைவூட்டுதற்குரிய நூல்களும் பாடல்களும் மிகச் சிலவாக இருந்தமையும் ஒரு காரணம்.

இங்கேதான் இலக்கிய வட்டங்களின் கடமை தொடங்குகிறது. கொங்கு நாட்டின் ஊர்ப்பெயர்களில் எண்ணற்றவை பாளையம் என முடிகின்றன. கவுண்டம்பாளையம், உப்பிலிபாளையம், மேட்டுப்பாளையம் என்று நாள்தோறும் சொல்கிறோம். பாளையம் என்பது படை தங்கிய இடம் என்பதை மறந்தே சொல்கிறோம். கோட்டைமேடு, கோட்டைவாசல், கோட்டைப் பெருமாள் என்ற பெயர்கள் செங்கல்லில் பொறித்த எழுத்துகளைப் போன்றவை. தெருப்பெயர் மாற்றத்தாலும், பலகைகளில் பெயர்கள் முதலெழுத்துகளாகச் சுருங்குவதாலும் அவை ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஒவ்வோர் ஊரின் முதியோரிடமும் கேட்டு, கோட்டை இருந்த இடம், அகழி ஓடிய தடம், வாயிற் காவல் தெய்வம், பஞ்ச காலத்துச் செய்தி ஆகியவற்றைத் தொகுக்கும் பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். சுவான்சௌவில் ஒரு பள்ளி ஆசிரியர் செய்த பணி அது.

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை படித்து வரும் ஓர் அவை, அடுத்த பத்தாண்டுகளில் இத்தகைய தொகுப்பொன்றைத் தரக்கூடும். அதில் அரசர் பெயரும் தளபதி பெயரும் புதிதாக வேண்டா. அவை முன்னரே எழுதப்பட்டுள்ளன. 1791-இல் உடைப்பை அடைத்தவனையும், 1877-இல் கூடை சுமந்தவளையும் பெயரின்றியேனும் பாடுவது கவிஞர் கையில் இருக்கிறது. நான்சிங்கின் செங்கல் தன்னை அறுத்தவனின் பெயரைச் சொல்கிறது. கொங்கின் மண் சொல்லாமல் விட்டதைக் கொங்கின் சொல் சொல்லட்டும்.